சான் டியேகோவிலிருந்து 10 நாள் மீன்பிடிப் பயணம்: முதல்முறை போகிறேன், குழுவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது

புதுத்தூண்டில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் சான் டியேகோ பாயின்ட் லோமாவிலிருந்து கிளம்பும் ஒரு 10 நாள் பயணத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. படகு முழுவதையும் ஒரே குழு எடுத்திருக்கிறது, 24 பேர், பாதிக்கு மேல் வருடா வருடம் ஒன்றாகப் போகிறவர்கள். ஒருவரால் வர முடியாமல் போனதால் அலுவலக நண்பர் மூலம் அந்த இடம் எனக்கு வந்தது. நான் இதுவரை போனதெல்லாம் அரை நாள், முக்கால் நாள் படகுகள், ஒரே ஒரு முறை ஒன்றரை நாள். பிடித்ததில் பெரியது 22 பவுண்டு எல்லோடெயில்.

குழுவைக் கூட்டி நடத்துகிற சார்ட்டர் மாஸ்டர் ஒரு நீளமான பட்டியல் அனுப்பியிருக்கிறார். 30 பவுண்டு தாங்கும் நரம்பில் (தூண்டில் இழை) தொடங்கி 130 வரை ஆறு செட் ராடும் ரீலும். என்னிடம் இருப்பது இரண்டு. எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா? இது முதல் கேள்வி. இரண்டாவது, பத்து நாள் கரையைப் பார்க்காமல் இருந்ததில்லை, உடம்பு தாங்குமா? மூன்றாவதுதான் உண்மையில் தூக்கத்தைக் கெடுக்கிறது. இவர்கள் எல்லாரும் பழகினவர்கள், ஒரு வருடம் காத்திருந்து வருகிறார்கள். நான் ஏதாவது தப்பு செய்து இன்னொருவருடைய மீன் போய்விட்டால் என்ன செய்வது? படகில் புதியவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எது?

அணியத்தோரம் பதில்:

மூன்றாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான்.

நான் இதுவரை ஏழு நீண்ட பயணம் போயிருக்கிறேன். இரண்டாவது பயணத்தில், பொழுது சாயும் நேரம், படகின் பின்மூலையில் நல்ல இடம் பிடித்து நின்றிருந்தேன். பெரிய யெல்லோஃபின் சூரை ஒன்று மாட்டியது. அது இடதுபக்கமாக ஓடியது, நான் அதன் பின்னால் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. அந்த மூலையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அங்கேயே வேரூன்றி நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பட்டம் பறக்கவிட்டு அதிலிருந்து இரையைத் தொங்கவிடும் தூண்டிலில் தன் முறைக்காக இரண்டு நாள் காத்திருந்து அப்போதுதான் மீனைப் பிடித்திருந்தார். என்னுடைய பின்னல் நரம்பு அவருடைய மோனோ (ஒற்றை இழை நரம்பு) மேல் உரசி ஒரு நொடியில் அறுத்துவிட்டது, அடுத்த நிமிடம் என் மீனும் போனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராடைத் தாங்கியில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் சொல்கிறேன், புதியவர் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: நரம்பு எப்போதும் உங்கள் நெஞ்சுக்கு நேராகப் போக வேண்டும். மீன் இடதுபக்கம் போனால் நீங்களும் இடதுபக்கம், அணியத்தைச் சுற்றி மறுபக்கம் போனால் நீங்களும் சுற்ற வேண்டும், அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி. மீன் இல்லாமல் வெறும் இரை விட்டிருக்கும்போதும் இதே கதைதான், நரம்பு சாய்ந்து அடுத்தவர் பக்கம் போனால் நகருங்கள், அல்லது சுற்றி எடுத்துவிட்டுப் புது மத்தி போடுங்கள். வழியில் ஆட்கள் இருந்தால் உரக்கக் குரல் கொடுங்கள். அவர்கள் நரம்புக்கு மேலே போவதா கீழே போவதா என்று டெக்கில் நிற்கும் பணியாள் சொல்வார், அவர் சொன்னதை அந்த நொடியே செய்யுங்கள், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடாமல் எதிர்க்கும் பிடிமானம். மீன் ஓடும்போது பயத்தில் லீவரை முன்னால் தள்ளிவிடுவது எல்லாப் புதியவர்களும் செய்வது. வீட்டிலேயே ஒரு ஸ்பிரிங் தராசு கட்டி இழுத்துப் பார்த்து, நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 100 பவுண்டு நரம்புக்கு 25லிருந்து 30 பவுண்டு. அந்த இடத்தை ரீலில் குறித்துவிட்டால் கடலில் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வட்ட முள் பயன்படுத்துவீர்கள், அதில் வெட்டி இழுக்கக் கூடாது. மீன் இரையோடு போகட்டும், ரீலைப் பூட்டிச் சுற்ற ஆரம்பியுங்கள், முள் தானாக வாயோரத்தில் போய் உட்காரும். அரை நாள் படகுப் பழக்கத்தில் சட்டென்று ராடை மேலே தூக்கினால் இரை மட்டும் திரும்பி வரும்.

மத்திப்பிடி பதில்:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரைத் தொட்டியில் கை விட்டு மத்தியை இறுக்கிப் பிடிக்காதீர்கள் தம்பி. செதில் உதிர்ந்த மத்தி, மூக்கு சிவந்த மத்தி, இரண்டும் தண்ணீரில் விழுந்ததும் படகுக்கு அடியிலேயே சுற்றும். பிடிக்க வரும்போது உங்களிடமிருந்து வேகமாக நழுவுகிறதே, அதுதான் உங்களுக்கு வேண்டியது. மூக்கில் முள் ஏற்றினால் நீரோட்டத்தில் நன்றாக நீந்தும், வயிற்றுப்பக்கம் பின்துடுப்புக்கு அருகில் ஏற்றினால் ஆழத்துக்குப் போகப் பார்க்கும். ஒரு தடவைக்கு ஒரு மத்தி மட்டும் எடுங்கள், பத்து நாளைக்கு அந்தத் தொட்டிகளில் இருப்பதுதான் எல்லாருக்கும். இரையை வீணடிப்பவரைக் குழுவில் யாருக்கும் பிடிக்காது, அது நியாயம்தான்.

உடம்பைப் பற்றி. நான் பெண், ஐம்பதைத் தாண்டியவள், நான்கு பயணம் போய் வந்திருக்கிறேன், கடல் மயக்கம் எனக்கு உண்டு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மருத்துவர் சீட்டுக்குத்தான் கிடைக்கும், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். அது ஒத்துக்கொள்கிறதா என்று கரையில் இருக்கும்போதே ஒரு நாள் ஒட்டிப் பாருங்கள், எனக்கு வாய் வறண்டு கண் மங்கியது, அதனால் மெக்லிசைன் மாத்திரைக்கு மாறிவிட்டேன், முந்தைய இரவே ஆரம்பித்துவிடுவேன். முதல் இரண்டு நாள் பெரும்பாலும் ஓட்டம்தான், தெற்கே போய்க்கொண்டே இருப்பீர்கள், உடம்பு பழக அது போதும். அந்த நாட்களில் விழித்துக் கொண்டாடி மூன்றாம் நாள் விடிகாலை மீன் ஏறும்போது தூங்கி வழிகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் படுங்கள். கைவிரல்களுக்கு டேப், ஈரத்தில் வழுக்காத ரப்பர் பூட்ஸ், இரண்டும் மறக்கக் கூடாது. காயம் பட்டால் சிறியது என்று விடாதீர்கள், உப்புத் தண்ணீரிலும் மீன் ரத்தத்திலும் கை நாள் முழுக்க இருக்கும், சீக்கிரம் சீழ் வைத்துவிடும்.

நீலநீர் பதில்:

சாதனங்கள் பற்றி நான் பேசுகிறேன். வாங்காதீர்கள். குறைந்தது இப்போதே எல்லாவற்றையும் வாங்காதீர்கள். படகு நிர்வாகத்திடமும் துறையில் இருக்கிற தூண்டில் கடைகளிலும் இரண்டு வேக லீவர் டிராக் ரீல்கள் வாடகைக்குக் கிடைக்கும். 10 நாள் பயணம் என்றால் பெரும்பாலும் பாஹா கலிஃபோர்னியாவின் மேற்குக் கடற்கரை, அலிஹோஸ் பாறைகள், அதற்குத் தெற்கே உள்ள கடலடித் திட்டுகள் என்றுதான் போவார்கள். அங்கே அதிகம் கையில் இருக்கப்போவது 40, 60, அப்புறம் 80. இந்த மூன்றும் நல்லதாக இருக்கட்டும். 100 ஒன்று வாடகைக்கு எடுங்கள். 130 வேண்டாம் என்பது என் கருத்து, அது குளிர்காலத்தில் 16 நாள் போய் 200 பவுண்டுக்கு மேற்பட்ட சூரையைத் தேடுகிறவர்களுக்கானது. சார்ட்டர் மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், பட்டியல் பழைய பயணத்துக்கு எழுதியதாகக்கூட இருக்கலாம். எத்தனை செட் கொண்டுபோனாலும் மெக்சிகோ கடலில் ஒருவருக்கு ஒரு நேரத்தில் தண்ணீரில் ஒரு தூண்டில்தான்.

வாகூ மீனுக்குக் கம்பி லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் துண்டு) வேண்டும், அதன் பல் கத்தி மாதிரி. ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போகும் ட்ரோலிங் குழுவில் உங்கள் முறை எப்போது என்று பலகையில் எழுதியிருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

புதுத்தூண்டில் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பெரியவர் கதை மனதில் தைத்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். பழைய படங்களில் சொகோரோ, கிளாரியன், சான் பெனடிக்டோ தீவுகளில் ராட்சதச் சூரைகளோடு நிற்கிறார்கள், அங்கே ஏன் இப்போது யாரும் போவதில்லை? அப்புறம், எவ்வளவு மீன் வீட்டுக்குக் கொண்டு வரலாம்? மனைவி இப்போதே ஃப்ரீசர் வாங்கலாமா என்று கேட்கிறாள்.

நீலநீர் பதில்:

அவை ரெவியகிஹேதோ தீவுகள். 1977-ல் சான் பெனடிக்டோவில் பிடித்த 388 பவுண்டு 12 அவுன்ஸ் யெல்லோஃபின் 30 ஆண்டுகளுக்கு மேல் உலக சாதனையாக இருந்தது, நீண்ட பயணம் போகிற எல்லாருக்கும் அந்த எண் மனப்பாடம். 2017 நவம்பரில் மெக்சிகோ அரசு நான்கு தீவுகளையும் சுற்றியுள்ள ஏறக்குறைய 1,48,000 சதுர கிலோமீட்டர் கடலையும் தேசியப் பூங்காவாக்கி மீன்பிடிப்பை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. எனக்கு அது சரியான முடிவு என்றே படுகிறது. பெரிய மீன் தேடுகிறவர்கள் இப்போது பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கும் ஹரிக்கேன் பேங்க் என்ற கடலடித் திட்டுக்குப் போகிறார்கள், போகவே நான்கு நாள் ஆகும், 10 நாள் பயணத்தில் அதற்கு வழியில்லை.

அளவு: மெக்சிகோ விதிப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 மீன், அதில் ஒரே இனத்தில் 5-க்கு மேல் கூடாது, டொராடோ மீன் என்றால் 2 மட்டும். பயணம் எத்தனை நாள் நீண்டாலும் மொத்தம் மூன்று நாள் அளவுதான் வைத்திருக்கலாம். மீன்பிடி உரிமத்தைப் பெரும்பாலும் படகு நிர்வாகமே ஏற்பாடு செய்யும், பாஸ்போர்ட் உங்கள் பொறுப்பு. பிடித்ததும் செவுளில் உங்கள் எண் அட்டையைக் குத்தி, ரத்தம் வடித்து, உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே குளிர்வித்த கடல்நீர் அறையில் இறக்கிவிடுவார்கள். துறையிலேயே வெட்டிப் பொட்டலம் போட்டுத் தருகிற நிறுவனங்கள் உண்டு. நான்கைந்து சூரை வந்தாலே ஒரு குடும்பத்துக்கு வருடம் ஓடும். அதற்கு மேல் மாட்டியதை விட்டுவிடுங்கள், முடிந்தவரை தண்ணீரிலிருந்து தூக்காமலே.

பணியாட்களுக்கு அன்பளிப்பு, கட்டணத்தில் 10லிருந்து 15 சதவீதம் என்பது வழக்கம். அதை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். நாளெல்லாம் உங்கள் சிக்கலை அவிழ்க்கப்போவது அவர்கள்தான்.

புதுத்தூண்டில் எழுதியது:

கடைசியாக ஒன்று. பெரிய மீன் மாட்டி, ஒரு மணி நேரம் ஆகி, கை விட்டுப்போனால்? யாரிடமாவது ராடைக் கொடுக்கலாமா?

அணியத்தோரம் பதில்:

கொடுக்கலாம். இன்னொருவர் கை ராடில் பட்டால் ஐ.ஜி.எஃப்.ஏ. (மீன்பிடி உலக சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பு) சாதனைக்கு அந்த மீன் செல்லாது, பெரிய மீனுக்கான பரிசுக்குப் பணம் கட்டியிருந்தால் குழுவின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பயணத்தில் மீன் படகுக்கு வருவதுதான் முக்கியம், இல்லையென்றால் அது மற்றவர்களுடைய நரம்புகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதற்கு முன்னால் ரெயிலை, அதாவது படகின் ஓரத் தடுப்பைப் பயன்படுத்துங்கள். ராடின் முன்பிடியை ரெயில் மேல் சாய்த்து, குறைந்த கியருக்கு மாற்றுங்கள். எடையைப் படகு தாங்கும், உங்கள் முதுகு தாங்க வேண்டியதில்லை. அலையில் படகு ஏறும்போது பிடித்திருங்கள், இறங்கும்போது சுற்றுங்கள். கடைசியில் மீன் நேர் கீழே வட்டமடிக்க ஆரம்பிக்கும், அந்த வட்டத்தில் பாதி தூரம் உங்களை நோக்கி வரும், அந்தப் பாதியில் மட்டும் சுற்றினால் போதும், மறுபாதியில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவைக்கு அரைச் சுற்றாக எண்ணி எண்ணி 50 நிமிடம் போயிருக்கிறேன்.

கிளம்பும் அன்று குடாவிலேயே இரைக் கூண்டுகளிடம் நின்று மத்தி ஏற்றுவார்கள். அறைக்குப் போய் மூட்டையைப் பிரிக்காமல் அங்கே நின்று கை கொடுங்கள். குழுவில் எல்லாரும் அந்த நேரத்தில் டெக்கில்தான் இருப்பார்கள், பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளலாம். இது உங்கள் முதல் நீண்ட பயணம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் நிற்பவர் கவனித்துக்கொள்வார்.

புதுத்தூண்டில் எழுதியது:

தராசு வாங்கிவிட்டேன் அண்ணா. இன்று இரவே 60 செட்டைக் கட்டிப் பார்க்கிறேன். திரும்பி வந்ததும் இதே திரியில் எழுதுகிறேன்.