பனி வேணும்

மதுரையில் மகால் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவன் நான். வீட்டில் சௌராஷ்டிரம், வாசலில் இறங்கினாலும் அதேதான். நாலு தெரு தாண்டினால்தான் தமிழ்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரம், தாகம் எடுத்து "டீச்சர், பனி வேணும்" என்றேன். எங்கள் பேச்சில் பனி என்றால் தண்ணீர். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "மார்கழி வரட்டும், தர்றேன்" என்றார். கெட்ட மனுஷி இல்லை, அப்புறம் அவரே டம்ளரில் மொண்டு கொடுத்தார். ஆனால் நாலாம் வகுப்பு வரை எனக்குப் பெயரே பனி.

அந்த வருடக் கடைசியில் அப்பாவை வரச்சொல்லி, "வீட்லயும் தமிழ்லயே பேசுங்க, பையன் நல்லா வருவான்" என்றார்கள். தறியில் உட்காரும் மனிதருக்கு வாத்தியார் சொல்வது வேதம். அன்றிலிருந்து எங்களிடம் தமிழ், அம்மாவிடம் மட்டும் சௌராஷ்டிரம். கடன் விஷயம், கல்யாண விஷயம், யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அதில்தான், அதுவும் தணிந்த குரலில். ஒட்டுக்கேட்டே வளர்ந்ததால் இன்றும் ஒரு வார்த்தை விடாமல் புரியும். பேசத்தான் வராது.

பாட்டி கடைசி வரை மாறவில்லை. அவள் அதில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். போகும்வரை அப்படியே ஓடியது.

எங்களுக்குத் தனி எழுத்து உண்டு. 2008-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. போனில் இறக்கிப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. தமிழ் எழுத்தில் எழுதினாலோ, ம, ந, ர, ல மூச்சோடு வரும் இடங்களில் பக்கத்தில் இரட்டைப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைக் கண்டாலே எனக்கு நாக்கு நின்றுவிடும். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டிக்கு அது பேச்சோடு பேச்சாக வந்தது.

தமிழ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சோறு போட்ட மொழி, இதை எழுதுவதும் அதில்தான். ஒன்றைப் படிக்க இன்னொன்றைச் செருப்பு மாதிரி வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார்களே, அதுதான் உறுத்துகிறது. நானும் யோக்கியன் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று பதிவான சுமார் இரண்டரை லட்சம் பேரில் நானும் என் மகளும் உண்டு. அவள் படித்தது ஆங்கில வழி. மொத்தம் பத்து வார்த்தை தெரியும்.

போன தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் சுங்குடி எடுக்கப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் சௌராஷ்டிரத்தில் கேட்டார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று. வீட்டைச் சொல்லும் 'கேர்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் வாய், "மகால் பக்கம்தாங்க" என்றது.

மடித்துக்கொண்டிருந்த சேலையோடு அவர் கை ஒரு நிமிஷம் நின்றது.

"அப்படிங்களா சார், உக்காருங்க. எந்த விலையில பார்க்கிறீங்க?"