மறு: பெயர் மாற்றி விற்ற பழைய கருவிகள் – 'உண்மையான தயாரிப்பாளர்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக நடக்கும் இந்த உரையாடலை இன்றுதான் முழுக்கப் படித்து முடித்தேன். கேள்வி எளிமையானதுதான். ஒரு கடை தன் பெயரைப் பொறித்து ஒரு கைக்கருவியை விற்கிறது. அதைச் செய்தது வேறு ஒருவர். ஐம்பது, நூறு வருடம் கழித்து அந்த 'வேறு ஒருவர்' யார் என்று தேடிக் கண்டுபிடிக்கிறோம். அவரைத் தமிழில் என்ன சொல்லலாம்? இதுவரை வந்த பரிந்துரைகள்:

> உண்மையான தயாரிப்பாளர்
> மூல உற்பத்தியாளர்
> மறைமுக உற்பத்தியாளர்

மூன்றுமே எனக்கு இடிக்கிறது. கோவையில் டூல்ரூமில் வேலை பழகியவன் நான். இப்போது ஒஹையோவில் இருக்கிறேன். சனிக்கிழமையானால் பழைய சாமான் சந்தைகளில் துருப்பிடித்த இரும்பைக் கிளறுவதுதான் பொழுதுபோக்கு. ஆகவே சொல்லைவிடப் பொருளை வைத்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'உண்மையான'. ஒன்றை உண்மை என்று சொன்ன மாத்திரத்தில் மற்றது பொய்யாகிவிடும். ஆனால் இங்கே பொய் எதுவும் இல்லை. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927இல் 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பெயரை வேறொரு சிறு கருவி நிறுவனத்திடமிருந்து 500 டாலருக்கு வாங்கியது. பெயர் வந்துவிட்டது, உலை ஏது? ஸ்பானரை ஒருவரிடமும் மரம் இழைக்கும் இழைப்புளியை இன்னொருவரிடமும் சுத்தியலை மூன்றாமவரிடமும் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்றது. வாங்கியவர்களுக்கும் இது ஓரளவு தெரியும். சரவணன் ஸ்டோர்ஸ் என்று அச்சிட்ட பையில் பருப்பு வாங்குகிறவர், பருப்பை அந்தக் கடைக்காரரே விதைத்து அறுத்தார் என்றா நினைக்கிறார்? (கடைப்பெயர் கற்பனை.) 'மறைமுக' என்பதிலும் இதே கோளாறு. ஏதோ இருட்டில் நடந்த காரியம் போலத் தொனிக்கிறது.

'மூல உற்பத்தியாளர்' கொஞ்சம் நயமான சொல். ஆனால் ஓ.ஈ.எம். (ஒரிஜினல் எக்விப்மென்ட் மேனுஃபேக்சரர்) என்பதற்கு ஏற்கெனவே பலரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 'மூலம்' என்றால் வடிவமைப்பின் மூலமா, செய்கையின் மூலமா என்பது. இரும்பு உடம்பு இழைப்புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் அமைப்பு, அதாவது பின்னால் ஒரு பித்தளைத் திருகு, அதைத் திருப்பினால் கத்தி இறங்குவதும் ஏறுவதும், லியோனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டேன்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அந்தக் காலத்து அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 வருடம். அது தீர்ந்ததும் சார்ஜென்ட் முதலிய போட்டி நிறுவனத்தார் அதே அமைப்பில் செய்து, தங்கள் பெயரிலும் கடைகளின் பெயரிலும் விற்றார்கள். அப்படியென்றால் சார்ஜென்ட் வார்த்த இழைப்புளிக்கு மூலம் யார், பெய்லியா ஸ்டேன்லியா சார்ஜென்டா? சொல் தெளிவுபடுத்த வேண்டிய இடத்தில் குழப்புகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்த மாதிரி. காப்புரிமை உயிரோடு இருக்கிற வரையில் வடிவமே நல்ல சாட்சி. செயின்ட் லூயிஸ் நகரத்து சிம்மன்ஸ் என்ற பெரிய வன்பொருள் வணிகர் 'கீன் கட்டர்' என்ற பெயரில் இழைப்புளி விற்றார். அதில் 'கே' வரிசையைப் பிரித்துப் பார்த்தால், கத்தி சாய்ந்து உட்காரும் தாங்கி, கடைந்த சரிவின் மேல் முழுப் பரப்பும் படிய அமர்ந்திருக்கும். அது ஸ்டேன்லியின் 'பெட்ராக்' அமைப்பு. அன்று வேறு யாரும் தொட முடியாதது. ஆக, செய்தவர் ஸ்டேன்லிதான். காப்புரிமை செத்த பிறகோ, வடிவம் ஒத்துப்போகிறது என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. ஊரில் எல்லோருமே அந்த வடிவத்தில்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்போது சின்னச் சின்ன அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'அங்க அடையாளங்கள்: வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவார்களே, அது மாதிரி. கத்தியை இடமும் வலமும் அசைக்க மேலே ஒரு நெம்பு இருக்கும். ஸ்டேன்லியுடையதில் அதன் அடிமுனையில் ஒரு சிறு வட்டத் தகடு இருக்கும், அது கத்தியின் நடுப் பிளவுக்குள் உருளும். சார்ஜென்ட் ஒரு காலகட்டத்தில் ஒரே பட்டையை மேல்முனையில் முறுக்கி, கட்டைவிரல் வைக்க வாகாகச் செய்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். எண்களும் பேசும். ஸ்டேன்லியின் 5ஆம் எண், சார்ஜென்டிடம் 414. கடைசி இரண்டு இலக்கமும் அங்குலத்தில் நீளம். மில்லர்ஸ் ஃபால்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்திடம் அதுவே வெறும் 14. ஆனால் கடைக்காரர் தன் சொந்தப் பட்டியல் எண்ணைப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது.

சியர்ஸ் இயந்திரங்களில் வேலை இன்னும் சுலபம். மாதிரி எண்ணில் புள்ளிக்கு முன்னால் மூன்று இலக்கம் இருக்கும். 101 என்றால் கலமசூ ஊர் அட்லஸ் பிரஸ், 103 என்றால் கிங்-சீலி, 113 என்றால் எமர்சன் எலக்ட்ரிக். நம் இனிஷியல் போலவே முன்னால் நிற்கிறது. கைக்கருவிகளில் ஓரிரு எழுத்தோடு சரி. கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பானரில் 'வி' என்று இருந்தால் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங், திருப்புளியில் 'டபிள்யூ.எஃப்.' இருந்தால் கொலராடோவின் வெஸ்டர்ன் ஃபோர்ஜ்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இனிஷியல் என்று எழுதும்போதே தோன்றியது. பிறந்த வீட்டில் அப்பா பெயரின் எழுத்து, கல்யாணமாகிப் போனால் கணவர் பெயரின் எழுத்து. ஆள் அதே ஆள்தான், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். இதற்கு நம்மிடம் அழகான இரட்டைச் சொல் இருக்கிறதே: பிறந்தகம், புகுந்தகம். செய்த இடம் பிறந்தகம், பெயர் கொடுத்த கடை புகுந்தகம். 'இந்த ஸ்பானரின் புகுந்தகம் சியர்ஸ், பிறந்தகம் மூர்.' புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, கேட்டவுடன் புரியும். இதுவே என் பரிந்துரை. அடித்து நொறுக்குங்கள்.

* * *

> புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, கேட்டவுடன் புரியும்.

அண்ணை, வாசிக்க நல்ல ரசனையாத்தான் இருக்கு. ஆனா யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு ஆட்சேபம். எங்கட பக்கம் சீதன வீடு பொம்பிளைக்கு. கலியாணம் முடிஞ்சு மாப்பிள்ளைதான் அங்க போய் இருக்கிறது. பெண் பிறந்த வளவை விட்டுப் போகாமலே இருக்கிற குடும்பங்கள் கனக்க. ஆகவே உங்கட உவமை பாக்குநீரிணையைத் தாண்டாது. அதோட, நீங்கள் இழைப்புளி எண்டு எழுதினதை நாங்கள் சீவுளி எண்டுதான் சொல்லுறது, அதையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டுவிடுங்கோ.

* * *

வணக்கம் ஐயா. நான் தமிழாசிரியன், ஓய்வு பெற்றவன். கருவிகள் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 'பிறந்தகம்' அகராதியில் ஏறினால், தேடுகிறவருக்கு முதலில் பழைய பொருளே கிடைக்கும் என்பது ஒருபுறம். வினையைச் சுட்டும் சொல்லே அதில் இல்லை என்பதுதான் என் குறை. யார் 'செய்தார்' என்பதல்லவா கேள்வி? ஏன் வினைத்தொகையாக ஒன்று ஆக்கக்கூடாது? குடிநீர், சுடுகாடு போல, 'செய்பட்டறை'. செய்த பட்டறை, செய்கின்ற பட்டறை, செய்யும் பட்டறை, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். கடையின் பெயரை 'விற்பெயர்' எனலாம்.

* * *

ஐயா, 'செய்பட்டறை' சிக்கென்று பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துத் தம்பி என் உவமையை ஒரே அடியில் உடைத்துவிட்டார். சரணடைகிறேன். பிறந்தகத்தைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

செய்பட்டறை பிடித்ததற்கு இன்னொரு காரணம், அது நிறுவனத்தைச் சொல்லாமல் இடத்தைச் சொல்கிறது. இந்தத் துறையில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே இருந்தன. கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் யூனியன் என்ற பெயரில் இழைப்புளி செய்துவந்தவர்களின் இழைப்புளித் தொழிலை, அதே ஊர்க்காரரான ஸ்டேன்லி 1920இல் வாங்கிவிட்டார். மூர் டிராப் ஃபோர்ஜிங் பின்னாளில் ஈஸ்கோ ஆனது. கிராஃப்ட்ஸ்மேன் பெயரே 2017இல் ஸ்டேன்லி பிளாக் அண்ட் டெக்கரிடம் போய்விட்டது. 'உற்பத்தியாளர்' என்று எழுதினால் எந்த வருடத்து உற்பத்தியாளர் என்று மறுபடி விளக்க வேண்டும். பட்டறை என்றால் உலையும் அச்சும் இருந்த இடம், அவ்வளவுதான்.

'விற்பெயர்' மட்டும் வேண்டாமே ஐயா. என் மகனிடம் படித்துக் காட்டினேன், 'வில்லோட பேரா? காண்டீபம் மாதிரியா?' என்கிறான். கடைப்பெயர் என்று போடலாமா என்று பார்த்தேன். அதில் 'கடை' கடைசி என்றும் ஒலிக்கிறது, ஆங்கிலப் படிவங்களில் வரும் 'லாஸ்ட் நேம்' போல. போதாததற்குக் 'கடைத்தரம்' வேறு நினைவுக்கு வருகிறது. கடைக்காகச் செய்த சரக்கு எல்லாமே மட்டம் என்று ஆகிவிடக்கூடாது. சிகாகோவின் ஹிப்பர்ட் ஸ்பென்சர் பார்ட்லெட் என்ற வன்பொருள் வணிக நிறுவனம் தன் கருவிகளில் 'ஓ.வி.பி.' என்று பொறித்தது, 'எங்களின் மிகச் சிறந்தது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மறுபக்கம், சியர்ஸிலேயே கிராஃப்ட்ஸ்மேனுக்குக் கீழே டன்லப் என்று மலிவான வரிசையும் இருந்தது. தரம் இரண்டு பக்கமும் போகும். 'கடைமுத்திரை' என்றால் இந்தக் கோளாறு குறைகிறது. முத்திரை என்பது பொறிப்பதையும் குறிக்கிறது.

சொற்களைச் சோதிக்க ஒரே வழி பயன்படுத்திப் பார்ப்பது. நேற்று ராத்திரி என் அலமாரியில் உள்ளவற்றுக்குச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

ஸ்பானர். கடைமுத்திரை: கிராஃப்ட்ஸ்மேன். செய்பட்டறை: மூர், ஸ்பிரிங்ஃபீல்ட். மச்சம்: 'வி'.

இதுவரை சரி. அடுத்தது, என்னை ஏமாற்றிய ஓர் இழைப்புளி. விற்றவர் 'உள்ளே ஸ்டேன்லி, மேலேதான் கடைப் பேர்' என்று சத்தியம் செய்யாத குறை. கத்தியில் ஸ்டேன்லி என்று தெளிவாக இருந்தது, நானும் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்தால், முறுக்கிய நெம்பு பல்லை இளிக்கிறது. உடம்பு சார்ஜென்ட். கத்தி தேய்ந்தால் மாற்றுகிற சாமான், யாரோ எப்போதோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார். கத்தியில் உள்ள பெயரை நம்பாதே என்று மற்றவர்களுக்கு நான் சொல்லாத நாளில்லை. இதற்குச் சீட்டு எழுதும்போதுதான் சொல் மாட்டிக்கொண்டது. 'செய்பட்டறை' என்று ஒற்றைக் கட்டம் போதவில்லை. உடம்புக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஆகவே 'உடற்பட்டறை' என்று புதுச்சொல் எதற்கும் போகாமல், 'செய்பட்டறை (உடம்பு)', 'செய்பட்டறை (கத்தி)' என்று எழுதினேன். தாங்குகிறது.

கடைசியாக ஒரு கைரம்பம். பிடியில் பித்தளைப் பதக்கம், நடுவில் கழுகு, சுற்றி 'உயர்தரம் என உறுதி' என்ற பொருளில் ஆங்கில எழுத்து, அவ்வளவே. பிலடெல்பியாவின் ரம்ப நிறுவனமான டிஸ்டன் இந்தப் பதக்கத்தைப் போட்டிருக்கிறது, போட்டியாளர்களும் போட்டிருக்கிறார்கள். கடைகளுக்காகச் செய்த ரம்பங்களில் இது பொதுப் பதக்கம். கடையின் பெயர் அலகில் அமிலத்தால் பொறித்திருக்கும். அது தேய்ந்து போனாலும், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சில சமயம் நிழலாகத் தெரியும். முக்கால் மணி நேரம் பிடித்துப் பார்த்தேன். வளைவாக ஒரு கோடும், அதற்குக் கீழே ஓர் எழுத்தின் வாலும் தெரிந்தன, 'ஜி'யாக இருக்கலாம், 'ஒய்'யாகவும் இருக்கலாம். மனைவி வந்து விளக்கைப் போட்டுவிட்டாள்.

அந்தச் சீட்டில் இரண்டு கட்டமும் காலி. ஐயா, 'செய்பட்டறை' என்பதைப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். தம்பி, இழைப்புளிச் சீட்டில் அடைப்புக்குறிக்குள் சீவுளி போட்டாயிற்று.