உலக வரைபடத்தை விதவிதமான புரொஜெக்‌ஷனில் வரைய என்ன மென்பொருள் போட்டீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

சேலம் ஆசிரியை:

பதினொன்றாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். வகுப்புச் சுவரில் மெர்கேட்டர் உலகப் படம் ஒன்று தொங்குகிறது, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வகை. ஒரு பையன் அதைக் காட்டி, "மிஸ், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கே, அங்கே ஏன் ஜனமே இல்லை?" என்று கேட்டான். கிரீன்லாந்து சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்கு மேல், கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பையன் எண்ணைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், படத்தைத்தான் நம்பினான். சரி, கோட்டுச்சட்டம் (புரொஜெக்‌ஷன், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறை) மாறினால் படம் எப்படி மாறுகிறது என்று நாமே வரைந்து காட்டலாம் என்று முடிவு செய்தேன்.

பைதான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும். தேடியதில் கிடைத்த பாடங்களில் பாதி பேஸ்மேப் என்ற வரைபடத் தொகுப்பை வைத்து எழுதியவை. நிறுவச் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்துக்குச் சிவப்பு எழுத்து வந்தது. முதலில் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14 வேண்டும் என்றது. மாமியார் வீட்டு வைஃபையில் இரவெல்லாம் இறக்கி அதையும் போட்டேன். அடுத்து ஜியோஸ் என்ற நிரல் நூலகத்தின் தலைப்புக் கோப்பு இல்லை என்றது. நான் போட்டிருந்தது அப்போதுதான் வெளியாகியிருந்த பைதான். அதற்கான தயார் தொகுப்பு இன்னும் வராததால், கணினி மூலநிரலிலிருந்து தானே கட்டப் பார்த்திருக்கிறது. இது புரிய நாலு நாள் ஆனது.

பேஸ்மேப்பைக் கைவிடப்போவதாக அறிவித்து, எல்லாரும் கார்டோபை என்ற இன்னொரு வரைபடத் தொகுப்புக்கு மாறுங்கள், இதற்குப் பராமரிப்பு 2020 வரைதான் என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு சில தன்னார்வலர்கள் கையிலெடுத்துப் புதிய பதிப்புகள் விட்டிருக்கிறார்கள். நான் படித்த பாடத்தில் இது எதுவும் இல்லை. கார்டோபைக்கு மாறினேன். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், நான் மட்டும் அசடு இல்லை என்று தெரிந்துகொள்ள.

கோவை ஆய்வு மாணவர்:

டீச்சர், நீங்கள் அசடு இல்லை. பருவமழைத் தரவு வரைபவன் நான். இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

கோண்டா, பிப் இரண்டும் பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவிகள். முதல் முறை கார்டோபையைக் கோண்டா வழியாகப் போட்டுவிட்டு, அது கேட்ட ஷேப்லி என்ற துணைத் தொகுப்பைப் பிப் வழியாகப் புதுப்பித்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. கடற்கரைக் கோடு வரையச் சொன்னால் பைதானே பொசுக்கென்று மூடிக்கொள்ளும். கார்டோபை கோண்டா போட்ட ஜியோஸைப் பார்க்கிறது, பிப் கொண்டுவந்த ஷேப்லி தன் வயிற்றிலேயே வேறொரு ஜியோஸை வைத்திருக்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிய சூழல் (மற்றவற்றோடு கலக்காத தனி இடம்) ஒன்றைத் திறந்து, கோண்டா ஃபோர்ஜ் என்ற தொகுப்புக் களஞ்சியத் தடத்திலிருந்து மட்டும் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் போட்டேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. இப்போதைய கார்டோபை பிப் வழியாகவே கட்டித் தயாராக வருகிறது, அதனால் முழுக்கப் பிப் என்றாலும் பிரச்சினை இல்லை. இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை கார்டோபை மேல் குற்றமே இல்லை. புரொஜெக்‌ஷன் கணக்கைப் போடுவது அடியில் இருக்கும் ப்ராஜ் என்ற நூலகம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் ஜெரால்ட் எவெண்டன் தொடங்கி வைத்தது. 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து ஆயத்தொலை அமைப்புகளின் விவரங்களை ஒரு தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கிறது. என் கணினியில் முன்பே போட்டிருந்த வேறொரு மென்பொருள், "ப்ராஜ் கோப்பு இங்கேதான் இருக்கிறது" என்று விண்டோஸின் சூழல் மாறியில் தன் பழைய முகவரியை எழுதிவைத்திருந்தது. என் பைதான் அந்தப் பழைய கோப்பைத் திறந்து, பதிப்பு பொருந்தவில்லை என்று ஒப்பாரி வைத்தது. ப்ராஜ் லிப் என்ற அந்த மாறியை நீக்கியதும் ஓய்ந்தது. அதற்குள் மூன்று முறை பைதானை அழித்துப் போட்டிருந்தேன் என்பதை என் வழிகாட்டியிடம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற கடலியல்காரர்:

நீங்கள் எல்லாரும் பைதான் பிள்ளைகள். நான் ஜிஎம்டி ஆள், கட்டளை எழுதி வரைபடம் வரையும் மென்பொருள் அது. பால் வெசலும் வால்ட்டர் ஸ்மித்தும் 1988-இல் அமெரிக்காவின் லமாண்ட் டோஹெர்ட்டி புவியியல் ஆய்வகத்தில் மாணவர்களாக இருந்தபோது எழுத ஆரம்பித்தது. ஆர் என்று ஒரு கொடி (கட்டளையோடு சேர்க்கும் குறி), எந்தப் பகுதி என்று சொல்ல. ஜே என்று ஒரு கொடி, எந்த புரொஜெக்‌ஷன் என்று சொல்ல. ஜே-க்குப் பக்கத்தில் எம் போட்டால் மெர்கேட்டர், டபிள்யூ போட்டால் மோல்வைடு, என் போட்டால் ராபின்சன். ஒரே வரி, படம் தயார். புதிதாக வருகிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். கை பழகிவிட்டால் கோலம் போடுவது போலத்தான்.

நிறுவும்போது கோஸ்ட்ஸ்கிரிப்டை மறந்துவிடாதீர்கள். ஜிஎம்டி உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கோப்பு வடிவில் வரைந்து, பிறகு கோஸ்ட்ஸ்கிரிப்ட் வழியாகத்தான் பிடிஎஃப் ஆக்குகிறது. 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பில் 'நவீன முறை' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் எழுதிய கட்டளைத் தொகுப்புகளில் கே, ஓ என்ற கொடிகளை அடுக்கு அடுக்காகப் போடவேண்டும். ஒன்றை விட்டாலும் பாதிப் படம்தான் வரும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பழைய முறைதான், பார்த்து எடுங்கள். பைதானை விட மனமில்லை என்றால், அதிலிருந்தே ஜிஎம்டியை ஓட்டும் பைஜிஎம்டி இருக்கிறது.

யாழ்ப்பாணத்து நில அளவையாளர்:

வணக்கம். எங்கட பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதை எறியம் என்றுதான் படித்தோம், கோட்டுச்சட்டம் என்று இப்பதான் கேள்விப்படுகிறேன்.

என்னுடைய பிழை நிறுவுகிறதில் இல்லை, தெரிவு செய்ததில். பழைய காணிப் படம் ஒன்றிலிருந்து எடுத்த புள்ளிகளை ஜியோபாண்டாஸ் என்ற பைதான் தொகுப்பை வைத்து வரைந்தேன். மென்பொருள் எல்லாம் ஒழுங்காகப் போட்டாயிற்று. படத்தைத் திறந்தால் யாழ்ப்பாணத்துப் புள்ளிகள் கொழும்புக்கு மேற்கே, கன்னியாகுமரிக்கும் தெற்கே, நடுக்கடலில் மிதக்கின்றன!

இலங்கையில் இரண்டு அளவைக் கட்டங்கள் (ஆயத்தொலை அமைப்புகள்) உண்டு. பழையது கந்தவளை அடிப்படை, ஈபிஎஸ்ஜி (இப்படியான அமைப்புகளுக்குக் கொடுக்கிற குறியெண்) 5234. புதியது 1999-ஆம் ஆண்டினது, ஈபிஎஸ்ஜி 5235. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலைதான். ஆனால் பழையதில் மையத்துக்கு 2,00,000, 2,00,000 என்று மீற்றர் எண் கொடுத்திருக்கிறார்கள், புதியதில் 5,00,000, 5,00,000. பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும். நான் பழைய எண்களுக்குப் புதிய கட்டத்தைத் தெரிந்துவிட்டேன். மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர். உள்ளபடி சொன்னால், இப்படிப் பெரிதாகப் பிழைத்தது நல்லது. 100 மீற்றர் பிழைத்திருந்தால் கவனித்திருக்க மாட்டேன், காணிக்காரர் கவனித்திருப்பார்.

மதுரை கண்மாய்க் கணக்கெடுப்பாளர்:

அண்ணா, எனக்கும் கடல்தான்! மதுரை, திண்டுக்கல் மாவட்டக் கண்மாய்களை ஒரே படத்தில் வரையவேண்டும். எல்லாம் யுடிஎம்-இல் இருந்தது, உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் ஆயத்தொலை அமைப்பு அது. நம் பக்கத்தில் யுடிஎம் மண்டலம் மாறுவது கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில். அந்தக் கோடு தமிழ்நாட்டை நெடுக்காகப் பிளக்கிறது. திண்டுக்கல் நகரம் 77.98, அதாவது 43-ஆம் மண்டலம். மதுரை 78.12, அதாவது 44. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் 44 என்றே முத்திரை குத்தினேன். திண்டுக்கல் கண்மாய்கள் 650 கிலோமீட்டர் நகர்ந்து, இலங்கையையும் தாண்டி வங்கக்கடலில் போய் நின்றன. கடலுக்குள் கண்மாய், நல்ல நீர் மேலாண்மை.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஜியோபாண்டாஸில் சிஆர்எஸ் என்பது ஆயத்தொலை அமைப்பு. 'செட் சிஆர்எஸ்' என்றால் பெயர்ப்பலகை மாட்டுவது மட்டும், எண்கள் மாறாது. 'டு சிஆர்எஸ்' என்றால்தான் எண்களே மாறும். நான் திருத்தப் போய் பலகையை மாற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது இரண்டு மாவட்டத்தையும் அதனதன் மண்டலத்தில் படித்து, இரண்டையும் ஈபிஎஸ்ஜி 7785-க்கு மாற்றி வரைகிறேன். அது தமிழ்நாடு முழுவதற்குமான ஒரே அமைப்பு, நடுவில் பிளவு இல்லை.

சென்னை வலை நிரலாளர்:

உலாவியிலேயே உருண்டையைச் சுற்றிக் காட்டவேண்டும் என்றால் டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பாருங்கள். நிறுவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு வரி சேர்த்தால் போதும். அரிய புரொஜெக்‌ஷன்கள் தனிக்கூறில் இருக்கின்றன, அதையும் சேர்க்கவேண்டும்.

நான் ஒரு மாவட்டத்துக்குப் பச்சை அடித்தேன். உலகமே பச்சையானது, அந்த மாவட்டம் மட்டும் வெள்ளை ஓட்டையாக நின்றது. டி3 எல்லாவற்றையும் கோளத்தின் மேல் வைத்துப் பார்க்கிறது. கோளத்தில் ஒரு வளையம் போட்டால் எது உள்ளே, எது வெளியே? புள்ளிகள் சுற்றும் திசையை வைத்துத்தான் அது முடிவு செய்யும். வெளி வளையம் கடிகாரத் திசையில் வரவேண்டும் என்கிறது டி3. 2016-இல் வந்த ஜியோஜேசன் (வரைபட வடிவங்களை எழுதும் கோப்பு முறை) தரம் அதற்கு நேர் எதிர்த் திசையைச் சொல்கிறது. தரத்தை ஒழுங்காகப் பின்பற்றிய கோப்பு என்பதாலேயே எனக்குக் கிரகம் முழுக்கப் பச்சை. வளையத்தைத் திருப்பிப் போட்டதும் சரியானது.

பெங்களூரு வாசகர்:

நிரலே எழுதவேண்டாம் என்றால் நாசாவின் ஜி.புரொஜெக்டர் இருக்கிறதே. ஜாவா இருந்தால் போதும், 200-க்கும் மேற்பட்ட புரொஜெக்‌ஷன், தேர்ந்தெடுத்துச் சேமிக்கவேண்டியதுதான்.

சேலம் ஆசிரியை:

பெங்களூரு வாசகரே, இதைப் போன மாதம் சொல்லியிருந்தால் உங்களுக்குச் சேலத்து மாம்பழம் அனுப்பியிருப்பேன். ஆனால் நிரல் எழுதியதால்தான் சிலது பிடிபட்டது, அதைச் சொல்கிறேன்.

கோவைத் தம்பி சொன்னபடி புதிய சூழலில் எல்லாம் ஒரே தடத்தில் போட்டேன், கார்டோபை வந்துவிட்டது. மெர்கேட்டர் படத்தில் எங்கள் ஊரைச் சிவப்புப் புள்ளியாக வைத்தேன். புள்ளி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே, கானாவுக்குத் தெற்கே கடலில். (இந்தத் திரியில் கடலில் விழாதவர் யாராவது உண்டா?) மெர்கேட்டர் படத்தின் அச்சு மீட்டரில் இருக்கிறது. நான் கொடுத்த 78-ஐ 78 பாகை என்று எடுக்காமல் 78 மீட்டர் என்று எடுத்து, சுழி சுழியிலேயே குத்திவிட்டது. வரையும் வரியில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற இடத்தில் பிளேட் கேரே என்று போட்டால்தான் 'இவை பாகைகள்' என்று அதற்குத் தெரியும். படத்தின் புரொஜெக்‌ஷன் ஒன்று, நம் தரவு இருக்கும் அமைப்பு வேறொன்று. இதைத்தான் வருடக்கணக்காக வகுப்பில் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளி ஆய்வகத்தில் இன்னொரு கூத்து. வீட்டில் வந்த படம் அங்கே வரவில்லை. கடற்கரைக் கோடுகள் கார்டோபைக்குள் இல்லை, முதல் முறை வரையும்போது நேச்சுரல் எர்த் என்ற வரைபடத் தரவை இணையத்திலிருந்து இறக்குகிறது. ஆய்வகத்தில் இணையம் இல்லை. வீட்டில் இறங்கியிருந்த கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். அந்தக் கோப்புகளில் 10எம், 50எம், 110எம் என்று இருக்கும். எம் என்றால் மீட்டர் என்று நினைத்து 10-ஐ எடுத்தேன், பழைய கணினி திணறியது. அது மில்லியன், ஒன்றுக்கு ஒரு கோடி அளவை. உலகப் படத்துக்கு 110 போதும். ராமேஸ்வரம் தீவு அதில் காணாமல்போகும், அதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். நாட்டு எல்லைகளையும் சேர்த்து வரைந்திருந்தேன். பார்த்ததும், "காஷ்மீர் ஏன் இப்படி இருக்கிறது?" என்றார். நேச்சுரல் எர்த் வழக்கமாக, யார் கையில் நிலம் இருக்கிறதோ அதன்படி எல்லை போடுகிறது. இந்திய நில அளவைத் துறையின் படத்துக்கு மாறாக இந்திய வரைபடம் வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். இந்தியப் பார்வையிலான எல்லைக் கோப்பு ஒன்றும் அங்கேயே தனியாக இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. கிரீன்லாந்து எவ்வளவு உப்புகிறது என்று காட்ட எல்லைக்கோடு எதற்கு? கடற்கரையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் மூன்று தாள்: மெர்கேட்டர், ராபின்சன், ஈக்வல் எர்த். மூன்றாவது 2018-இல் வந்தது, பரப்பளவு மாறாது. மூன்றிலும் 500 கிலோமீட்டர் ஆரத்தில் டிஸ்ஸோ வட்டங்களை (பூமியில் எல்லாம் ஒரே அளவு, தாளில் எப்படிச் சிதைகின்றன என்று காட்ட) போட்டேன், கார்டோபையில் அதற்கு ஒரே வரி. மெர்கேட்டரில் 60 பாகையில் உள்ள வட்டம் நிலநடுக்கோட்டு வட்டத்தைப் போல நான்கு மடங்கு பரப்பாக வீங்கி நின்றது. ஈக்வல் எர்த் தாளில் அது நசுங்கிய முட்டையானது, ஆனால் பரப்பு அதேதான். அதை யாரும் வாயால் சொன்னதும் நம்பவில்லை, டிரேசிங் தாளில் எடுத்துக் கட்டம் எண்ணினார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பையன் ஈக்வல் எர்த் தாளில் கிரீன்லாந்தையும் இந்தியாவையும் எண்ணினான். இந்தியா பெரிது என்று வந்தது. மறுபடி எண்ணினான். அப்புறம், "அப்போ இந்தச் சுவர்ப் படத்தைக் கழற்றிடலாமா மிஸ்?" என்றான். கழற்றவில்லை. மூன்று தாளையும் அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், ராமேஸ்வரத்தை யாரோ பேனாவால் சேர்த்திருக்கிறார்கள்.