ரப்பர் ஷீட் அடிக்கும் தண்ணீர் ஓடையில் விழுகிறது. கிணற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

அருமனை (கன்னியாகுமரி மாவட்டம்) ஆசிரியை கேட்கிறார்:

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்றோடை ஓடுகிறது. அது கோதையாற்றில் போய்ச் சேரும். ஓடைக்கு மேற்புறத்து விளைகள் (தோட்டங்கள்) எல்லாம் ரப்பர். அவற்றில் ஒன்றில், சுற்றியுள்ள சிறு விவசாயிகளின் ரப்பர் பாலையும் வாங்கி, உறைய வைத்து, ரோலரில் அழுத்தி ஷீட் அடிக்கிறார்கள். பால் உறைந்த பின் வடியும் தண்ணீரும் ரோலர் கழுவிய தண்ணீரும் ஒரு குழாய் வழியே நேராக ஓடையில் இறங்குகின்றன. காலையில் வெள்ளையாக வரும் தண்ணீர் தேங்கித் தேங்கிக் கறுத்துவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தில் சன்னலைத் திறக்க முடிவதில்லை. என் மாமியார் இந்த ஓடையில் குளித்து வளர்ந்தவர். இப்போது பேரப்பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடுவதில்லை. ஓடைக்கு அருகிலேயே இருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இப்போது லேசாக வாடை தெரிகிறது.

விளைக்காரர் எங்களுக்கு உறவினர். சண்டை போட விருப்பமில்லை. சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. அந்தத் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது? அவருக்குக் கட்டுப்படியாகும் செலவில் வழி ஏதேனும் உண்டா?

குலசேகரம் ரப்பர் விவசாயி:

சகோதரி, நானும் பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்துப் பிழைப்பவன்தான். எங்கள் தரப்பிலிருந்தே சொல்கிறேன்: அந்தக் குழாய் ஓடையில் விழவே கூடாது.

மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி தண்ணீர், அதில் புரதமும் சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்திருக்கும். ஷீட்டுக்காக மேலும் தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலந்து, டிஷ் என்னும் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறோம். ஒரு கிலோ ரப்பருக்கு 7 லிட்டர் அளவுக்கு வடியும். கழுவும் தண்ணீர் தனி. 50 கிலோ ஷீட் அடிக்கும் இடத்தில் வடியும் தண்ணீர் மட்டுமே 350 லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்களுக்கு இது அளவு மீறிய தீனி. அவை தின்று பெருகும்போது ஓடையில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. ஓடையில் எந்த மீன் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மற்ற சிறு மீன்கள் மறைந்து, விராலும் பனையேறிக் கெண்டையும் மட்டும் இருந்தால் ஆக்சிஜன் போய்விட்டது என்று பொருள். அவை இரண்டும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசித்தே தாக்குப்பிடிக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் என்றதும் உங்கள் உறவினர் சல்பூரிக் ஆசிட் ஊற்றுகிறார் என்றே எனக்குப் படுகிறது. முறையானது ஃபார்மிக் ஆசிட். விலை குறைவு என்பதற்காகச் சிலர் சல்பூரிக்கை வாங்குகிறார்கள். அதன் சல்பேட், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி நாறுகிறது. ஷீட்டின் வலுவும் கெடும், ரோலரும் அரிக்கும், வேலை செய்பவரின் கையும் புண்ணாகும். உறவினரிடம் பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். ஓடை என்றால் முகத்தைத் திருப்புகிறவர் ஷீட்டின் தரம், விலை என்றால் உட்கார்ந்து கேட்பார்.

தண்ணீரைப் பொறுத்தவரை, முதலில் நடுவே தடுப்பு வைத்த ஒரு சிமெண்ட் தொட்டி வேண்டும். ரப்பர் துணுக்குகள் மேலே மிதந்து நின்றுவிடும். வாரி எடுத்து ஒட்டுப்பாலோடு (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பரோடு) விற்கலாம். அங்கிருந்து எரிவாயுக் கலன். இந்தத் தண்ணீரிலிருந்து எரிவாயு எடுக்கும் முறையை ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. சாணக் கரைசலை ஊற்றித் தொடங்க வேண்டும். தண்ணீர் புளிப்பாக இருப்பதால் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பைக் குறைக்காவிட்டால் கலன் வேலை செய்யாது. வரும் வாயு சமையலுக்கு ஆகும். ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் விறகும் மிச்சமாகும். கலனிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் ஓடைக்கு விடாமல் வாழைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்ச வேண்டும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. ஆளுக்கொரு ரோலர் வைத்து ஆளுக்கொரு ஓடையைக் கெடுக்கிறோம். ஊரில் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் எல்லோர் பாலையும் ஒரே இடத்தில் உறைய வைத்து, ஒரே கலனில் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம். கோதையாறு மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறையைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. வழியெல்லாம் அந்த ஆற்றை நம்பிக் குடிநீர் எடுக்கும் ஊர்கள் இருக்கின்றன.

நீர் ஆய்வகத்தில் பணியாற்றியவர்:

ஓடையைப் பற்றி நண்பர் சொன்னது சரி. கிணற்றைப் பற்றி இப்போதே முடிவுக்கு வர வேண்டாம். வீட்டுக் கழிவறைத் தொட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதன் கசிவாகவும் இருக்கலாம். ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்வெட்டு நிற்கும். அப்போதும் வாடை குறையாவிட்டால் தொட்டியைச் சந்தேகியுங்கள். நிலத்தடி நீரில் மாற்றம் சில வாரங்கள் பிந்தியும் தெரியும்.

பி.எச். (புளிப்பு, காரத் தன்மையின் அளவு), அம்மோனியா, நைட்ரேட், கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 100 மில்லி நீரில் கோலிஃபார்ம் அறவே இருக்கக்கூடாது. கோலிஃபார்ம் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்கி, மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

மார்த்தாண்டம் வாசகர்:

உறவு, பேச்சு என்று நாளைக் கடத்தாதீர்கள். நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974, பிரிவு 24, மாசுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ விடுவதைத் தடை செய்கிறது. படம் எடுத்துத் தேதியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள்.

குலசேகரம் ரப்பர் விவசாயி:

கேட்காவிட்டால் மனு கொடுக்கத்தான் வேண்டும். நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் மாற்று வழி காட்டாமல் மனு மட்டும் போனால், குழாயை எடுத்துவிட்டு விளைக்குள்ளேயே குழி தோண்டித் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். கண்ணுக்கு ஓடை தெளிந்துவிடும். நம் வெட்டுக்கல் மண்ணில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி, ஆசிரியையின் கிணற்றுக்குத்தான் வரும்.

அருமனை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அங்கே போய்ப் பேசினேன். சல்பூரிக் ஆசிட்தான். ஷீட்டுக்குத் தரம் குறைத்தே விலை போடுகிறார்கள் என்று அவரே சொன்னார். ஃபார்மிக்குக்கு மாறச் சம்மதித்துவிட்டார். எரிவாயுக் கலனுக்கு மட்டும் இப்போது பணமில்லை என்கிறார். அதுவரை என்ன செய்யலாம்? எங்கள் கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு மறுபக்கம், தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்.

குலசேகரம் ரப்பர் விவசாயி:

டிஷ்ஷிலிருந்து வடியும் தண்ணீரையும் கழுவும் தண்ணீரையும் கலக்க விடாதீர்கள். கெடுதலில் பெரும்பகுதி முதலாவதில்தான். அதை டிரம்மில் பிடித்துச் சுண்ணாம்பு கலந்து, நிறையத் தண்ணீர் சேர்த்து, கிணற்றுக்கும் ஓடைக்கும் எதிர்ச்சரிவில் இருக்கும் வாழைக்கு ஊற்றட்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் கொட்டக்கூடாது. மழை பெய்யும்போது ஊற்றவே கூடாது. கழுவும் தண்ணீரைத் தடுப்புத் தொட்டி வழியாகப் புல்லுக்கு விடலாம். ஓடைக்குப் போகும் குழாயை இன்றே அடைக்கச் சொல்லுங்கள். கலனுக்கு உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்க அவர் ரப்பர் வாரிய அலுவலகத்துக்குப் போகும் நாளைச் சொன்னால் நானும் கூட வருகிறேன்.