ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், பிளம்பிங்: எல்லோரையும் சேர்ந்து வரைய வைப்பது எப்படி?

குடந்தை_சைட்:
கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறோம். ஆர்க்கிடெக்ட் திருச்சியில், ஸ்ட்ரக்சர் தஞ்சாவூரில், ஏசியும் பிளம்பிங்கும் சென்னையிலிருந்து. ஒருவர் மாற்றினால் அடுத்தவருக்குத் தெரிவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் பிடிஎஃப்தான். டைனிங் ஹாலில் ஏசி டக்ட் போகிற வழியில் பீம் நிற்கிறது, சென்ட்ரிங் ஆள் சொல்லித்தான் தெரிந்தது. அவரவர் வேலையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பிம் சாஃப்ட்வேருக்கு (எல்லோருடைய வேலையையும் ஒரே 3டி மாடலில் சேர்த்துப் பார்க்கிறது) மாறினால் சரியாகுமா?

மன்னை_ஸ்ட்ரக்சர்:
சாஃப்ட்வேர் ஒன்றோடு ஒன்று இடிக்கிற இடத்தைக் காட்டும். ஆனால் முழுசாக முடித்த பிறகுதான் வெளியே விடுவேன் என்று ஒவ்வொருவரும் பூட்டி வைத்தால் அதுவும் காலம் கடந்துதான் காட்டும். பாதி வரைந்ததையே கேட்டு வாங்குங்கள்.

சம்ப்பையே, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியையே, எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் மண் பரிசோதனை செய்தால் நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும், மேட்டூர் திறந்து வாய்க்கால் ஓடி ஐப்பசி மழையும் சேர்ந்தால் நம் பக்கம் பல இடங்களில் தரைக்குக் கிட்ட வந்துவிடும், அப்போது சம்ப் காலியாக இருந்தால் கீழிருந்து தண்ணீர் அதைத் தூக்கப் பார்க்கும். எங்கே, எத்தனை அடி ஆழம் என்று பிளம்பிங்காரர் ஆரம்பத்திலேயே தோராயமாகக் கோடு போட்டுக் காட்டினால் அடி ஸ்லாபைக் கனமாக்கலாம், ஃபுட்டிங் (தூணின் அஸ்திவாரம்) பக்கத்தில் தோண்டாமல் தள்ளியும் வைக்கலாம். இதற்கு ஒரு போன் போதும்.

மாயவரம்_பிளம்பிங்:
எங்களைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள், அதுதான் வருத்தம். பீமில் பைப் போக வேண்டுமென்றால் தூணை ஒட்டி ஓட்டை கூடாது, அங்கே ஷியர், அதாவது பீமை வெட்டப் பார்க்கிற விசை, அதிகம். நடுப்பகுதியில், பீம் உயரத்துக்கும் நடுவில், ஸ்ட்ரக்சர் இன்ஜினியர் சொல்கிற கூடுதல் கம்பியோடு கான்கிரீட்டுக்கு முன்பே ஸ்லீவ் (பைப் நுழைய ஒரு குழாய்த் துண்டு) வைத்துவிடலாம். அப்புறம் கோர் கட்டிங் (இறுகிய கான்கிரீட்டை மெஷினால் துளைப்பது) என்று இறங்கினால் ரிங் கம்பியும் சேர்ந்து அறுபடும். மேஸ்திரியையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள், டிராயிங்கில் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியும்.

தஞ்சை_ஆர்க்கி:
2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19650 (பிம் வேலையில் தகவலைக் கையாள்வதற்கான சர்வதேசத் தரம்) சொல்கிற முறையைச் சின்ன வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாம்: வரைந்துகொண்டிருப்பது, மற்றவர்கள் பார்க்க வைத்தது, சைட்டுக்கு ஒப்புதல் ஆனது, பழையது என்று நாலு ஃபோல்டர். சைட் ஆள் மூன்றாவதை மட்டும்தான் திறக்க வேண்டும். அப்புறம், ஒருங்கிணைக்கிற வேலைக்குத் தனி ஃபீஸ் எழுதுங்கள். காசு கொடுக்காத வேலையை யாரும் தன் வேலையாக நினைக்க மாட்டார்கள், அதில் குறை சொல்லவும் முடியாது.

குடந்தை_சைட்:
நன்றி. ஃபீஸ் பற்றி ஓனரிடம் பேசுகிறேன். இரண்டாம் மாடி ஸ்லாபுக்குக் கம்பி கட்டுவதற்குள் மேஸ்திரியோடு நாலு பேரையும் சைட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறேன்.