மறு: 'ஃப்ரான்சைஸ் ஃபீ', 'பப்ளிக் ஆக்சஸ் சேனல்' – தமிழில் எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி சார்ந்த இந்த இரு சொற்களுக்கும் குழுவில் வந்த யோசனை இது:

> 'உரிமக் கட்டணம்', 'சமூகத் தொலைக்காட்சி' என்றே வைத்துக்கொள்ளலாமே?

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவதில் கொஞ்சமும் இல்லை.

'ஃப்ரான்சைஸ் ஃபீ' என்று அமெரிக்காவில் கேபிள் நிறுவனம் நகராட்சிக்குக் கட்டும் இந்தத் தொகை, அனுமதிச் சீட்டுக்கான விலையன்று. ஊர்ப் பொதுச்சொத்தான தெருவில் கம்பி இழுத்து, குழாய் பதித்து, அதை வைத்து வியாபாரம் செய்வதற்கான வாடகை. கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5 விழுக்காட்டுக்கு மேல் இதை வாங்கக்கூடாது என்று 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் வரம்பு கட்டியது. பல ஊர்களில் ஊராரின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையத்தின் சம்பளமும் ஸ்டுடியோச் செலவும் இந்தப் பணத்தை நம்பியே ஓடுகின்றன. மாசசூசெட்ஸில் அந்த ஒப்பந்தத்துக்கே 'லைசென்ஸ்' என்றுதான் பெயர். ஆகவே ஒப்பந்தத்தைக் 'கேபிள் உரிமம்' என்போம். பணத்தைத் 'தெருவாடகை' என்போம். இரண்டையும் ஒட்டவைக்க வேண்டாம்.

'வாடகை' என்று சொல்லிவிட்டால் இன்றைய சண்டையும் எளிதில் விளங்கும். கேபிள் நிறுவனம் ஊருக்குப் பணமாக இல்லாமல் சேவையாகக் கொடுப்பவற்றில் பெரும்பாலானவற்றையும் அந்த 5 விழுக்காட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று 2019இல் அமெரிக்காவின் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்சிசி) உத்தரவிட்டது. நகரங்கள் வழக்குத் தொடுத்தன. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கழிக்கலாம் என்பதை ஏற்றது; ஆனால் சந்தை விலைக்குக் கழிக்காமல், நிறுவனத்துக்கு உண்மையில் கூடுதலாக ஆகும் செலவுக்கு மட்டும் கழிக்கச் சொன்னது. இன்னொன்று இதைவிடப் பெரிது. அதே கம்பியில் வரும் இணையச் சேவையின் வருவாய் இந்தக் கணக்கில் சேராது. வீடுகள் கேபிளை விட்டு இணையத்துக்குப் போகப்போக வாடகை தேய்கிறது. கம்பியோ தெருவில் அப்படியேதான் இருக்கிறது. 'உரிமக் கட்டணம்' என்று எழுதினால் இந்த அநியாயம் வாசகர் கண்ணில் படாது.

இனி 'பப்ளிக் ஆக்சஸ் சேனல்' என்ற அலைவரிசை. 'சமூகத் தொலைக்காட்சி' என்றதும் சமூக வானொலிதான் நினைவுக்கு வரும். அங்கே உரிமம் பெற்ற அமைப்பே எதை ஒலிபரப்புவது என்று முடிவு செய்கிறது. இந்த அலைவரிசையில் நிலைமை வேறு. ஊரார் யாரும் பயிற்சி பெற்று, கேமராவை இரவல் வாங்கி, தாமே எடுத்ததை ஒளிபரப்பக் கொடுக்கலாம். ஆபாசம் போன்ற சில விலக்குகள் தவிர, கேபிள் நிறுவனம் உள்ளடக்கத்தில் கைவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்த உரிமை எளிதில் நிலைத்ததும் அல்ல. 1972இல் ஆணையம் பெரிய சந்தைகளில் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் கொண்டுவந்த இத்தகைய விதிகளை, ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1984 சட்டம்தான் கேபிள் நிறுவனத்திடம் இத்தகைய அலைவரிசை கேட்கும் அதிகாரத்தை உள்ளூர் ஆட்சிகளுக்கு உறுதிசெய்தது.

'ஆக்சஸ்' என்பதற்கு 'அணுக்கம்' என்பது கணினிக்குச் சரி. இங்கே அது பார்ப்பவரின் வசதியைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. நமக்கு வேண்டியது பேசுபவரின் உரிமை. 'மன்ற அலைவரிசை' என்ற மாற்றுச் சொல் எனக்கும் பிடித்திருந்தது. மன்றம் என்றால் ஊர் கூடும் பொதுவிடம் என்பது நல்ல பழம்பொருள். ஆனால் இன்று மன்றம் என்றதும் உறுப்பினர் அட்டை கேட்பார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. என் பரிந்துரை: 'பொதுமேடை அலைவரிசை'. சட்டம் சேர்த்துச் சொல்லும் மூன்றையும் 'பொதுமேடை, கல்வி, ஆட்சி அலைவரிசைகள்' என்று எழுதலாம்.

'தெருவாடகை' ஒப்பந்த ஆவணத்துக்குப் பேச்சுவழக்காகத் தெரிந்தால் 'பொதுவழி வாடகை' பொருந்துமா? சட்டத் தமிழில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்