'ஃபைன்' என்ற சொல்லில் அபராதமும் நேர்த்தியும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன?

தஞ்சை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் கட்டும் தொகையும் ஃபைன், நலம் விசாரித்தால் சொல்லும் பதிலும் ஃபைன், சலித்தெடுத்த மாவின் மென்மையும் ஃபைன். இவை தற்செயலாக ஒரே ஒலி பெற்ற வெவ்வேறு சொற்களா, ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வகுப்பில் விளக்கும் அளவுக்கு யாரேனும் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி:
ஒரே வேர்தான், அம்மா. முடிவு, எல்லை என்று பொருள்படும் 'ஃபினிஸ்' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த தொகையைக் குறித்த சொல்லே பின்னர் தண்டத் தொகைக்குப் பெயராயிற்று. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்றுவதற்காகவே பெயரளவில் வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளும் முறை ஒன்று இருந்தது. அந்தச் சமரசத்துக்கும் ஃபைன் என்றே பெயர். 1195 முதல் அந்த உடன்பாட்டை ஒரே தோல் ஏட்டில் மூன்று முறை எழுதி, நெளிநெளியான கோட்டில் வெட்டி, இரு தரப்பாருக்கும் ஒவ்வொரு படி கொடுத்துவிட்டு, அடிப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. பின்னாளில் எவரேனும் போலிப் படியைக் காட்டினால், வெட்டு விளிம்புகள் பொருந்தாமல் குட்டு வெளிப்பட்டுவிடும். இம்முறை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தனை அழகான வரலாறு பாடநூல்களில் இடம்பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பெயரடையும் அதே வேரிலிருந்து வந்ததே. எல்லையைத் தொட்டது என்பதிலிருந்து குறைவற்றது, தூயது, நுண்ணியது என்று பொருள் படிப்படியாக விரிந்தது.

பொற்கொல்லர் வீதி:
'தூயது' என்ற பொருள் எங்கள் தொழிலில் இன்றும் புழங்குகிறது. தங்கத்தின் ஃபைன்னெஸ் என்பதை ஆயிரத்தில் எத்தனை பங்கு பொன் என்று கணக்கிடுகிறோம். 22 காரட் நகையில் 916 என்று பொறித்திருப்பது அதைத்தான். தமிழில் இதற்கு 'மாற்று' என்ற சொல் தொன்றுதொட்டு உண்டு. பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னால் உங்கள் மாணவிக்கு உடனே விளங்கிவிடும்.

மொழிபெயர்ப்பு மேசை:
வேர் தெரிவது நல்லதுதான். ஆனால் பயன்பாட்டை வேர் கற்றுத்தராது என்பதையும் வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். காபி வேண்டுமா என்று கேட்கும்போது 'ஐ ஆம் ஃபைன்' என்று ஒருவர் பதில் சொன்னால், அவர் நலமாக இருப்பதைத் தெரிவிக்கவில்லை, காபி வேண்டாம் என்கிறார். வாக்குவாதத்தின் நடுவே 'ஃபைன்' என்று வெடுக்கென்று சொன்னால் அது பெரும்பாலும் மனமில்லாத சம்மதம். கிரிக்கெட்டில் 'ஃபைன் லெக்' என்ற இடத்துக்கும் நேர்த்திக்கும் தொடர்பில்லை. மட்டையாளருக்குப் பின்புறம், இரு விக்கெட்டுகளையும் இணைக்கும் கோட்டை ஒட்டிய குறுகிய கோணத்தில் நிற்பதால் அப்பெயர். இவற்றை அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியத்தோடு, யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்ற சூழலோடு சேர்த்தே கற்பியுங்கள்.